அரிசி டப்பாவில் பல்பு

தினமும் காலை பத்தேகால் மணிக்கு ஜாசுத்பென் முக்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறிச் சமையலறைப் பல்பைக் கழற்றுகிறார். இடக்கை சுவரைப் பிடித்திருக்கும், வலக்கை திருகும். வயது எழுபத்தொன்று. முழங்கால் இரண்டும் வீங்கியவை. கழற்றிய பல்பைப் புடவைத் தலைப்பால் துடைத்து, அரிசி டப்பாவுக்குள் பாதி புதையும்படி வைத்து மூடுவார். அடுப்பு அதற்கு முன்பே அணைந்திருக்கும். உப்பு ஜாடியும் தண்ணீர்க் குடமும் நறுக்காத காயும் கைக்கு எட்டாத மூலைக்குப் போயிருக்கும். பிறகு, மூடிய பாத்திரத்துக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். பன்னிரண்டேகால் வரை எழுந்திருக்கமாட்டார்.

பாத்திரத்தில் இருப்பது தால் டோக்ளி. துவரம்பருப்பில் வெல்லமும் புளிப்பும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, மெல்லியதாகத் தேய்த்த கோதுமை மாவைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு வேகவைப்பது. நேற்றும் அதுதான். நாளையும் அதுதான். ஒன்பதரை வருஷமாக அந்த வீட்டில் பகல் சாப்பாடு வேறு எதுவும் ஆனதில்லை.

கம்பாத் ஊரில் எங்கள் சந்தின் அகலம் ஏழடி. அவருடைய வாசலும் என்னுடைய வாசலும் எதிரெதிர். அவர் வீட்டுக் குக்கர் கூவினால் என் வீட்டில் ஆள் எழுந்திருக்கும். மூன்று வீடு தள்ளி இருக்கும் வசுபென்னுக்கு இந்த தால் டோக்ளி ஒரு நிரந்தர வேடிக்கை.

"ஜாசுத்பென், உங்க வீட்டுக்கு நாள்காட்டி எதுக்கு? என்னைக்குப் பாத்தாலும் தால் டோக்ளிக் கிழமைதானே!"

"உங்க வீட்டுல தினுசு தினுசா ஆக்கி என்னத்தக் கண்டீங்க? உங்க வீட்டுக்காரரு என் வாசலத் தாண்டும்போதுதான் நடையே மெதுவாகுது."

"சரி, மழைக்காலம் நாலு மாசம் சாதுங்க ஊரு விட்டு ஊரு நடக்கவே மாட்டாங்க. அந்த நாலு மாசமாவது வாய்க்கு ருசியா எதையாவது பண்ணிச் சாப்பிடுங்களேன்."

"நாலு மாசம் நிறுத்தினா அது வழக்கம் ஆகுமா வசுபென்?"

அதோடு வசுபென் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். ஏன் என்று சந்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஜாசுத்பென்னுக்கு ஒரே மகள், ஹேதல். கணவர் அகேட் கல் தரகர். மகளுக்குப் பதினான்கு வயது இருக்கும்போது இறந்துவிட்டார். இருபத்திரண்டாவது வயதில் மகள் ஜைனத் துறவு கேட்டாள். பெற்றவர் எழுதிக் கொடுக்காமல் எந்தக் குருவும் ஏற்கமாட்டார். அந்தச் சம்மதக் கடிதத்தை எழுதியவன் நான். ஜாசுத்பென் கையெழுத்துப் போட்டுவிட்டு, மை காயும்வரை அதை ஊதிக்கொண்டே இருந்தார். உபாஸ்ரயத்தில், அதாவது துறவிகள் வந்து தங்கும் எங்கள் மண்டபத்தில், வருகிறவர் போகிறவர் விவரம் எழுதும் நோட்டு நாற்பத்தாறு வருஷமாக என்னிடம் இருக்கிறது. அதில் உள்ளபடி: எங்கள் ஆண்டுக் கணக்கில் சம்வத் 2069 (ஆங்கிலத்தில் 2013), மாக மாதம், வளர்பிறைப் பத்தாம் நாள். காலை 9.20க்கு, எறும்பையும் நோகாமல் விலக்கும் கம்பளி நூல் துடைப்பத்தைக் குரு அவள் கையில் கொடுத்தார். அதை வாங்கியதும் அவள் சந்தோஷம் தாங்காமல் சுற்றிச் சுற்றி ஆடினாள். 10.05க்கு முடி களைந்த தலையும் வெள்ளை உடையுமாகத் திரும்பி வந்தாள். புதுப் பெயர் பிரசமிதாஸ்ரீ. ஹேதல் என்று அன்றைக்குப் பிறகு யாரும் இல்லை. தாய் மூன்று முறை குனிந்து மகளை வணங்கினார். மகள், யாருக்கும் சொல்வதுபோல, "தர்மலாப்" என்றாள். அறத்தின் பயன் உண்டாகட்டும் என்பது அதன் பொருள்.

அந்த வெள்ளை உடுத்தவர்களுக்கு அடுப்பு இல்லை. வீடு வீடாகப் போய், மாடு மேய்வதுபோல இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய் என்று மரக் கிண்ணத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுக்கிற வீட்டில் யாரையும் பசியோடு விட்டுவிட்டு வரக் கூடாது. அவர்களுக்கென்று சமைத்ததைத் தொடக் கூடாது. அந்த நெருப்பிலும் நீரிலும் செத்த உயிர்களின் பழி அவர்களைச் சேரும். கொடுக்கிறவர் அந்த நேரத்தில் பச்சைத் தண்ணீரையோ உப்பையோ தீயையோ (எங்களுக்கு மின்விளக்கும் தீதான்) தொட்டுவிட்டால், அந்த வீட்டில் அந்த வேளைக்கு எதுவும் வாங்கமாட்டார்கள். இதெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கு நடக்கக் கற்கும்போதே தெரியும். ஜாசுத்பென்னுக்குத் தெரியாதா? தெரிந்தும்தான், சம்வத் 2072 போஷ மாதம், துறவுக்குப் பின் மகள் முதல் முறையாக ஊருக்கு வந்தபோது, விடிவதற்கு முன்பே எழுந்து தால் டோக்ளி செய்து வைத்தார். சின்ன வயதில் ஹேதல் அதற்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவாள்.

வந்தவர்கள் இருவர். மகளும், அவளுடைய குருவான மூத்த பெண் துறவி சுநந்திதாஸ்ரீயும். குரு பாத்திரத்தைப் பார்த்தார். எதிரில் இருந்த முகத்தையும் பார்த்தார்.

"பென், இது உங்க வீட்டுல எப்பவும் பண்றதா? இல்ல, எங்களுக்காகப் பண்ணினதா?"

ஜாசுத்பென்னுக்குப் பொய் வராது. "உங்களுக்காகத்தான் மகராஜ். எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது."

குரு சிரித்துவிட்டார். ஆனால் கிண்ணத்தின் மூடி திறக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் வேறு எதுவும் ஆகியிருக்கவில்லை. இருவரும் இறங்கி, மூன்று வீடு தள்ளிப் போய், வசுபென் கையால் காக்ரா என்னும் மொறுமொறு ரொட்டி இரண்டு வாங்கிக்கொண்டார்கள். ஜாசுத்பென் தன் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் ஓர் ஆசாரியர் எங்கள் ஊர் வழியாகப் போனார். வணங்கிவிட்டு எல்லோரும் எழுந்தபின்னும் ஜாசுத்பென் எழவில்லை.

"மகராஜ், ஒரு பதார்த்தத்த நான் தினமும் பண்ணினா, அது யாருக்காகப் பண்ணினதா ஆகும்?"

"தினமும் பண்ணி நீங்களே சாப்பிட்டா அது உங்க வீட்டுச் சாப்பாடு. உங்க பங்கக் குறைச்சு அதுலேருந்து கொடுத்தா தானம். அவங்கள நினைச்சு உலை வச்சீங்கன்னா தோஷம்."

"நினைக்காம எப்படி வைக்கிறது மகராஜ்?"

ஆசாரியர் கையை உயர்த்தி, "தர்மலாப்" என்றார்.

ஜாசுத்பென்னே ஒரு வழி கண்டுபிடித்தார். உலை வைக்கும்போதிலிருந்து இறக்கும்வரை நவகார மந்திரத்தை உரக்கச் சொல்வார். பருப்புக் கொதிக்கும் சத்தத்துக்கு மேலே கேட்கும்: "நமோ அரிஹந்தாணம்... நமோ சித்தாணம்..." நினைப்பு நுழைய இடைவெளி விடக் கூடாது என்பது கணக்கு. சில நாட்களில் மூன்றாவது வரியில் குரல் நின்றுவிடும். நினைப்பு வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். கரண்டியை வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குவார். ஒரே பானைக்கு ஏழு முறை தொடங்கிய நாளும் உண்டு.

இதில் அவர் கொடுத்த விலை சந்தில் பலருக்குப் புரியவில்லை. அதற்கு முன் அவர் பெரிய தபஸ்வி. மழைக்காலத்து நோன்பான பர்யூஷண நாட்களில் யார் எத்தனை நாள் உபவாசம் என்று எழுதும் பட்டியலும் என்னிடம்தான் இருக்கிறது. வெந்நீர் மட்டும் குடித்து எட்டு நாள் பட்டினி, இரண்டு முறை. பதினாறு நாள், ஒரு முறை. மாதத்தில் இரண்டு அஷ்டமி, இரண்டு சதுர்த்தசி தவறியதே இல்லை. 2072க்குப் பிறகு அந்தப் பெயருக்கு நேரே எல்லாக் கட்டமும் காலி. தான் பட்டினி கிடந்து பானை வைத்தால், அந்தப் பானை பிறத்தியாருக்கு என்றாகிவிடும் அல்லவா? ஆகவே தினமும் சாப்பிடுகிறார், பிடிக்காததை, இரண்டு பேர் பங்கு. எல்லோரும் பட்டினி கிடக்கும் சம்வத்சரி ஒரு நாள்தான் அடுப்புக்கு விடுமுறை. "பொண்ணு சாமியாரா போனா, அம்மா சாப்பாட்டு ராமியா ஆயிட்டா" என்று தேராசரின் படியில் ஒரு பெண் சொன்னது அவர் காதில் விழுந்தது. "ஆமா, துவரம்பருப்பு வேற, வயிறு பூரா காத்து" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

தேராசர் எங்கள் கோயில். அங்கே அவருடைய இடம் இடப்பக்கத் தூண். குளித்து, தைக்காத புடவை உடுத்தி, மூச்சுக் காற்று படாமல் வாயையும் மூக்கையும் எட்டு மடிப்புத் துணியால் கட்டிக்கொண்டு, சாந்திநாதரின் கால் விரலிலிருந்து உச்சந்தலைவரை ஒன்பது இடத்தில் மோதிர விரலால் சந்தனம் வைப்பார். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அவர் கொடுக்கிற தெய்வமும் இல்லை, கடந்து போனவர். பிறகு பலகையில் அரிசியால் ஸ்வஸ்திகம். அதன் நாலு கை நாலு பிறவி: தேவர், மனிதர், விலங்கு, நரகர். மேலே மூன்று குவியல்: காட்சி, அறிவு, ஒழுக்கம். அதற்கும் மேலே ஒரு பிறை, பிறைக்குள் ஒரு குவியல்; விடுபட்டவர்கள் இருக்கும் இடம். அந்தக் கடைசிக் குவியலுக்கு மட்டும் நொறுங்காத அரிசியாக விரலால் தடவிப் பொறுக்குவார்.

அப்போதெல்லாம் தடவித்தான் பொறுக்க வேண்டியிருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. தொழில், மணி கோப்பது: வழவழப்பாக்கிய அகேட் மணிகளை நூற்றெட்டாகக் கோத்து ஜபமாலை கட்டிக் கொடுப்பார். அதுவும் விரல் பழக்கத்தில் நடந்தது. கண் மருத்துவர் மூன்று வருஷமாகக் கூப்பிட்டார். ஏன் போகவில்லை என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"ஆபரேஷன் செஞ்சுட்டா பதினஞ்சு நாள் தலைக்குத் தண்ணி கூடாதுங்கறாரு ஹிம்மத்பாய். குளிக்காம சாமியத் தொடறது எப்படி? பூஜை நின்னுடுமே."

"பூஜையில சாமி முகம் தெரியுதா உங்களுக்கு?"

"அவரு முகம் எனக்குத் தெரியாதா என்ன!"

2078 சைத்திர மாதம் பிரசமிதாஸ்ரீ இரண்டாவது முறை வந்தபோது ஆயம்பில் நோன்பின் நாட்கள். உப்பு, எண்ணெய், காரம், வெல்லம் எதுவும் இல்லாமல், நாளுக்கு ஒரு வேளை வெந்ததை மட்டும் ஒன்பது நாள் சாப்பிடுவது. அவளும் அந்த நோன்பில் இருந்ததால் தால் டோக்ளிக்கு இடமே இல்லை. பத்தாவது நாள் காலை வெளிச்சம் வருவதற்கும் அவர்கள் புறப்படுவதற்கும் சரியாக இருந்தது. "போகட்டும், பானை எங்க போயிடப் போகுது" என்றார் ஜாசுத்பென்.

மூன்றாவது முறை, சென்ற குளிர்காலம், 2081 போஷ மாதம். ஐந்து சாத்விகள், அதாவது பெண் துறவிகள், மாலை 5.40க்கு உபாஸ்ரயத்துக்குள் நுழைந்தார்கள். மறுநாள் ஒரு பகல் மட்டும் தங்கல். உபாஸ்ரயத்தில் விளக்குக் கிடையாது. காலை உரையின்போது பெண்கள் கூட்டத்தில் முழங்காலை நீட்டிக் கடைசி வரிசையில் உட்கார்ந்த ஜாசுத்பென்னுக்கு, முன்னால் ஐந்து வெள்ளைகள் தெரிந்தன, அவ்வளவுதான். அவற்றில் எது தன் மகள் என்று பக்கத்தில் இருந்த வசுபென்னைக் கேட்டார். "இடது பக்கத்துலேருந்து ரெண்டாவது" என்றார் வசுபென்.

பத்தரைக்கு நான் என் வாசலில் நின்றேன். எதிர் வீட்டில் அடுப்பு அணைந்து, தண்ணீர்க் குடம் மூலைக்குப் போயிருந்தது. பல்பைக் கழற்றுவது அப்போது வழக்கம் இல்லை. 11.12க்கு அவர்கள் சந்தில் திரும்பினார்கள். குரு பின்னால், பிரசமிதாஸ்ரீ முன்னால். ஜாசுத்பென்னின் படியில் கால் வைத்துக் குரல் கொடுத்தது அவள்தான்.

"தர்மலாப்."

"வாங்க மகராஜ், வாங்க. புண்ணியம் குடுங்க."

"என்ன இருக்கு பென்?"

"தால் டோக்ளி மகராஜ். தினமும் பண்றது. ஒன்பது வருஷமா தினமும் நானே சாப்பிடறேன். சந்துல யார வேணா கேளுங்க."

குரு என்னைத் திரும்பிப் பார்த்தார். "சத்தியம் மகராஜ்" என்றேன். அவர் தலையசைத்தார். பிரசமிதாஸ்ரீ கிண்ணங்களைச் சுமக்கும் ஜோலித் துணியை அவிழ்த்து, சிவப்பு மரக் கிண்ணத்தை எடுத்து, மூடியைத் திறந்தாள்.

எங்கள் வீடுகளின் உள்ளே பகலிலும் இருட்டு. வாசலில் நிற்பவருக்குப் பின்னால் சந்தின் வெயில். ஜாசுத்பென் கரண்டியும் கையுமாக எழுந்து வந்தார். கரண்டி நிறைய இருந்தது. மூன்றடி தூரத்தில், புரை விழுந்த கண்ணுக்கு, வெயிலின் நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு. அவருடைய இடக்கை நிலைப்படிக்குப் பக்கத்துச் சுவருக்குப் போனது. விருந்தாளி வந்தால் எல்லா வீட்டிலும் கை போகிற இடத்துக்கு.

'டக்' என்ற சத்தம் என் வாசல்வரை கேட்டது.

விளக்கு எரிந்தது. பிரசமிதாஸ்ரீ நிமிர்ந்து பார்த்தாள். முழு வெளிச்சத்தில் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவள் கண்ணைத் தாழ்த்திக் கிண்ணத்தை மூடினாள்.

"பென்..." என்றார் குரு. ஜாசுத்பென்னின் கை மறுபடி சுவிட்சுக்குப் போனது. "வேண்டாம் பென், அணைக்காதீங்க. அதுவும் உயிர்தானே" என்றார் குரு. மகள் மறுபடியும் "தர்மலாப்" என்றாள். வந்தபோது சொன்ன அதே குரலில் இல்லை. அதை மட்டும் நான் நோட்டில் எழுதவில்லை. இருவரும் இறங்கிப் போனார்கள்.

பன்னிரண்டேகாலுக்கு நான் எதிர் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தேன். பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஜாசுத்பென் தட்டில் இரண்டு பேர் பங்கையும் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தக் கை ஹிம்மத்பாய். பாருங்க, இந்தக் கைதான். யாரு சொன்னா அதுக்கிட்ட போன்னு?"

"பழக்கம் பென். கை தானாப் போகும்."

"ஒன்பது வருஷமா வேற பழக்கம்தானே பழக்கினேன்?"

பாதித் தட்டைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு சொன்னார்: "ஆனா பாத்துட்டேன். அவ... அவங்க இளைச்சுட்டாங்க. இங்க கன்ன எலும்பு துருத்திக்கிட்டுத் தெரியுது. தாடையில மச்சம் அப்படியே இருக்கு."

"சாயங்காலம் வரைக்கும் உபாஸ்ரயத்துலதான் இருப்பாங்க. போய்ப் பாக்கலாமே?"

"அங்க அஞ்சு பேரு ஹிம்மத்பாய். எனக்கு வெள்ளைதான் தெரியும்."

ஒரு துண்டும் மீதி வைக்கவில்லை. மீதி வைத்தால் அதில் உயிர் பிறக்கும். எங்கள் வழக்கப்படி தட்டில் தண்ணீர் ஊற்றி, விரலால் வழித்துக் கழுவி, அந்தத் தண்ணீரையும் குடித்தார். விளக்கை மாலை 5.55க்குத்தான் அணைத்தார், அன்றைய பாவங்களுக்கு மன்னிப்புக் கேட்கும் பிரதிக்கிரமணத்துக்குக் கிளம்பும்போது.

மறுநாளிலிருந்து பல்பு அரிசி டப்பாவுக்குப் போனது. பல்குண மாதம் முடிவதற்குள் தானாகவே மருத்துவரிடம் போய் இரண்டு கண்ணையும் செய்துகொண்டார். முப்பத்திரண்டு நாள் பூஜை இல்லை. கட்டுப் பிரித்ததும் முதலில் பார்த்தது வசுபென்னை. "அடடா, இவ்வளவு கிழவி ஆயிட்டீங்களா நீங்க?" என்றார். வசுபென் இரண்டு நாள் பேசவில்லை.

வைசாக மாதம் எனக்குக் கடிதம் வந்தது. சுநந்திதாஸ்ரீயின் குழு இந்த மழைக்காலத்துக்கு ராஜஸ்தானில் பாலி ஊர். அங்கிருந்து கிழக்கே சம்மேத் சிகரம், அப்புறம் கொல்கத்தா. நான் படித்துக் காட்டினேன்.

"எல்லாம் நடந்துதானே?"

"நடந்துதான் பென்."

"திரும்பி இந்தப் பக்கம் வர எவ்வளவு நாளாகும்?"

"ஆறு வருஷமாவது ஆகும்."

விரல் விட்டுப் பார்த்தார். "எழுபத்தேழு. பரவாயில்ல. பருப்பு வேகவைக்கத் தெம்பு இருந்தாப் போதும்."

அந்தப் பானையிலிருந்து இந்த ஒன்பதரை வருஷத்தில் வேறு சாத்விகள் வாங்கிப் போனது நூற்றுப் பதினெட்டு முறை. அவர்களில் மகள் வயதுப் பெண்களும் உண்டு. ஜாசுத்பென் அவர்களுக்குக் குனிந்து, கிண்ணத்தை மட்டும் பார்த்து ஊற்றுவார். போதும் போதும் என்று அவர்கள் கிண்ணத்தை இழுத்துக்கொள்ளும்வரை ஊற்றுவார். யாரும் வராத நாள்தான் அதிகம்.

தீக்கும் உயிர் உண்டு என்று நம்பி, தேவைக்கு மேல் ஒரு தீக்குச்சி கிழிக்காத பெண் அவர். ஆனால் தினம் ஒரு தவறைத் தெரிந்தே செய்கிறார். அதற்கு மாலையில் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறார். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். பன்னிரண்டேகாலுக்கு எழுந்து, சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிக் குடித்துவிட்டு, அரிசி டப்பாவைத் திறந்து, பல்பில் ஒட்டிய அரிசியை டப்பாவிலேயே உதறுவார். முக்காலியில் ஏறிப் பல்பை மாட்டுவார். இறங்கி வந்து, நிலைப்படிக்குப் பக்கத்துச் சுவரில் கை வைத்துச் சுவிட்சைப் போடுவார். இப்போது நன்றாகத் தெரிகிற கண்ணால், மூன்றடி தள்ளி, யாரும் நிற்காத படிக்கு மேலே, ஓர் ஆள் உயரத்தில் பார்ப்பார். பிறகு அணைப்பார்.